பழைய டர்போவா, புதிய டர்போவா?

பாட்டி காலத்து வெண்கலப் பானை ஒன்று பரணில் இருக்கிறது. கடையில் பளபளவென்று புதுப் பாத்திரம் ஒன்று வந்திருக்கிறது. எதில் பொங்குவது? இந்தக் கேள்விக்கு நீங்கள் ஒரு நொடியில் பதில் சொல்லிவிடுவீர்கள். என்ன சமைக்கப் போகிறோம், எத்தனை பேருக்கு, அடுப்பு எப்படிப்பட்டது என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்ட பிறகே பாத்திரத்தைப் பற்றி யோசிப்பது உங்கள் வழக்கம்.

வேகமான கார்களின்மேல் மோகம் கொண்டவர்கள் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தால், உலகத்தில் எத்தனையோ எஞ்சின்கள் பாழாகாமல் பிழைத்திருக்கும். எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பும் மிஞ்சியிருக்கும். அவர்கள் முதலில் பாத்திரத்தை வாங்கிவிட்டுப் பிறகுதான் விருந்தாளிகளை எண்ணுகிறார்கள்!

"பந்தயக் கார் சமாசாரம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுக்குமாடி வீட்டின் கீழே நிற்கும் சின்னக் கார்களின் முதுகில்கூட இப்போது 'டர்போ' என்ற எழுத்துக்கள் மின்னுகின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளை அயல்நாட்டில் இருந்துகொண்டு, பழைய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கி அதற்குப் புது டர்போ பொருத்தப் போகிறேன் என்று சொல்லவும் கூடும். அப்போது "எதற்கு, எவ்வளவுக்கு?" என்று விவரம் தெரிந்து கேட்பதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டாமா?

எஞ்சினுக்கும் பசி உண்டு

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது சுலபம். காற்றைக் கூடுதலாகப் புகுத்துவதுதான் கஷ்டம். சாதாரண எஞ்சின் தன் மூச்சுப் பலத்தில் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவுதான் இழுக்கும்.

விறகடுப்பில் ஊதுகுழலை வைத்து ஊதியதும் தீ எப்படிக் குபீரென்று எழும்பும் என்பது உங்களுக்குத் தெரியும். டர்போ செய்வது அந்த வேலையைத்தான். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, வழியில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அந்தச் சக்கரத்தின் தண்டிலேயே மறு முனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக் காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாய்ப் போகிற புகையைக் கொண்டே வேலை வாங்குகிற சிக்கனத்தைப் பாருங்கள்! வடித்த கஞ்சியையும் வீணாக்காத குடித்தனக்காரியின் புத்தி இது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நிமிஷத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ காற்று உள்ளே போனால் 10 குதிரைசக்தி கிடைக்கும் என்பது இந்தத் துறையின் வாய்க்கணக்கு. அப்படியானால் 400 குதிரைசக்தி வேண்டுமென்றால் நிமிஷத்துக்குப் பதினெட்டு, இருபது கிலோ காற்று தேவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள ஓர் அறையில் இருக்கும் காற்று முழுவதையும் அந்த எஞ்சின் இரண்டு நிமிஷத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடும்!

இந்த வேலையைச் செய்யும் சக்கரமோ உள்ளங்கையில் அடங்கிவிடும். தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி நிமிஷத்துக்கு முந்நூறு, நானூறு தடவை சுழல்கிறது. டர்போச் சக்கரம் ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழலும். சிறியதாக இருந்தால் இரண்டு லட்சத்தையும் எட்டும். விரட்டி ஓட்டும்போது அதன் மேல் வந்து மோதும் புகையின் உஷ்ணம் 900, 1000 டிகிரி. தங்கம் உருகுவது 1064 டிகிரியில் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தச் சக்கரத்தின் பாடு எப்படிப்பட்டது என்று விளங்கும்.

மலை மேல் ஒரு சோதனை

இந்த யுக்தி இன்று நேற்று பிறந்ததல்ல. ஸ்விட்சர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்ஃப்ரெட் பியூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1918-ல் அமெரிக்க எஞ்சினியர் ஸான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு கொலராடோவிலுள்ள பைக்ஸ் பீக் என்ற மலையின் உச்சிக்கே போனார். உயரம் 14,000 அடிக்கு மேல். அங்கே காற்று மெலிந்து கிடக்கும். கடல் மட்டத்தில் 350 குதிரைசக்தி தந்த எஞ்சின் அந்த உச்சியில் 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவைப் பொருத்தினார். சக்தி 356-க்கு ஏறியது! மலை உச்சியிலும் கடற்கரைக் காற்றை ஊட்டிவிட்டார் மாஸ்.

விமானத்துக்கும் கப்பலுக்கும் உதவிய இந்தச் சக்கரம் வீட்டுக் காருக்குள் வந்தது 1962-ல். அமெரிக்காவில் அந்த ஆண்டு வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரின் கதை கேட்கவேண்டிய கதை. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்றும் பெட்ரோலும் சேர்ந்தால், தீப்பொறி மூட்டிய தீ பரவி வந்து சேருமுன்பே தானாக வெடித்து எஞ்சினைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். அதைத் தடுப்பதற்காக ஜெட்ஃபயரில் ஒரு தனிப் புட்டி வைத்தார்கள். அதில் வாலை வடிநீரும் மெதனால் சாராயமும் கலந்த திரவம் இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தெளித்து எஞ்சினைக் குளிர வைத்தார்கள்.

யோசனை அருமையானதுதான். ஆனால் புட்டி காலியானால் திரும்ப நிரப்பவேண்டுமே! பலர் மறந்துபோனார்கள். திரவம் தீர்ந்ததும் டர்போ தானாகவே ஒடுங்கிக்கொள்ளும், வண்டி சோனியாகிவிடும். இரண்டே வருஷத்தில் அந்தக் காரை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பலர் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக்கொண்டார்கள். சாமான் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதைப் பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் அது வீட்டுக்கு ஆகாது.

கூப்பிட்டால் உடனே வராத பிள்ளை

பழைய டர்போக்களுக்கு இன்னொரு குணம் உண்டு. காலால் பெடலை அழுத்தியவுடன் சக்தி வராது. புகை பெருகி, சக்கரம் வேகம் பிடித்து, காற்று அழுத்தமாக வருவதற்குள் ஒரு விநாடி, சில வண்டிகளில் அதற்கு மேலும், ஆகிவிடும். "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் போல! பிறகு வரும்போது புயலாக வரும்.

இது வேடிக்கைச் சமாசாரம் அல்ல. ஜெர்மனியில் 1975-ல் வெளிவந்த போர்ஷே 911 டர்போவின் எஞ்சின் 260 குதிரைசக்தி கொண்டது. அது பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் பெடலை அழுத்திய ஓட்டுநர், சக்தி வரவில்லையே என்று இன்னும் அழுத்துவார். வளைவின் நடுவில் திடீரென்று எல்லாச் சக்தியும் ஒரேயடியாக வந்து சேரும். பயந்துபோய்க் காலை எடுத்தால் வண்டியின் பின்புறம் சுழற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். அந்தக் காருக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'விதவையாக்கி' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். தாமதமாக வரும் சக்தி எவ்வளவு விபரீதமானது என்பதற்கு அந்தப் பெயர் ஒன்றே போதும்.

அப்படிப்பட்ட சக்தியை அடக்கியாண்ட ஒரு பெண்மணியும் உண்டு. பிரான்ஸ் தேசத்து மிஷேல் மூட்டான், டர்போ பொருத்திய ஆடி குவாட்ரோ காரில் 1981-ல் இத்தாலியின் ஸான் ரெமோ ராலியை வென்றார். உலக ராலிப் போட்டிகளில் ஒன்றைப் பெண் ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு போர்ச்சுகல், கிரீஸ், பிரேஸில் ஆகிய மூன்று ராலிகளையும் வென்று, அந்த ஆண்டின் உலகப் பட்டியலில் இரண்டாவது இடத்தைப் பிடித்தார். 1985-ல் அவர் ஏறிய மலை எது தெரியுமா? மாஸ் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போன அதே பைக்ஸ் பீக்! அப்போது சரளைக்கல் பாதையாக இருந்த அந்த மலையை 11 நிமிஷம் 25 விநாடிகளில் ஏறி, ஆண்கள் வைத்திருந்த சாதனையை முறியடித்தார்.

அந்தக் காலத்து ராலி ஓட்டுநர்கள் டர்போவின் சோம்பலைச் சமாளிக்க ஒரு யுக்தி வைத்திருந்தார்கள். இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே வலது காலால் பெட்ரோலையும் விடாமல் கொடுப்பார்கள். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால் இது வித்தை தெரிந்தவர்களின் காரியம். கடைவீதிக்குப் போகிறவர்களின் காரியம் அல்ல.

பீங்கான் சக்கரம்

சரி, பழசா, புதுசா என்ற கேள்விக்கு வருவோம். பொதுவாகப் பேசுவதைவிட ஒரு காரை வைத்துப் பேசினால் தெளிவாக இருக்கும். ஜப்பானில் 1989-ல் நிஸ்ஸான் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.டி.ஆர். என்ற காரை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 2.6 லிட்டர், இரண்டு டர்போக்கள். காகிதத்தில் 280 குதிரைசக்தி. 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் பந்தயங்களில் ஓடிய 29 போட்டிகளிலும் இந்தக் காரே வென்றது. ஆஸ்திரேலியாக்காரர்கள் இதற்குக் 'காட்ஸில்லா' என்று பெயர் வைத்தார்கள். 25 வருஷம் ஆன கார்களைத் தாராளமாக இறக்குமதி செய்துகொள்ளலாம் என்ற அமெரிக்க விதியால், 2014-லிருந்து அங்கேயும் இதற்குக் கிராக்கி வந்துவிட்டது.

இந்தக் காரின் டர்போவில் புகைப் பக்கத்துச் சக்கரம் உலோகத்தால் ஆனதல்ல; பீங்கான் இனத்தைச் சேர்ந்த ஒரு வஸ்து. ஏன் பீங்கான்? உலோகத்தைவிட எடை மிகக் குறைவு. எடை குறைந்தால் சீக்கிரம் வேகம் பிடிக்கும், தாமதம் குறையும். அக்காலத்துக்கு அது கெட்டிக்கார யோசனை.

ஆனால் பீங்கானின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஊறுகாய் ஜாடியைப் பத்திரமாக வைத்திருந்தால் மூன்று தலைமுறைக்கு வரும். ஓரிடத்தில் இடித்துவிட்டால் போயிற்று. தொழிற்சாலை வைத்த அழுத்தத்தில் ஓடும்வரை அந்தச் சக்கரம் நன்றாகவே உழைத்தது. இன்னும் கொஞ்சம் சக்தி வேண்டுமென்று ஆசைப்பட்டு அழுத்தத்தைக் கூட்டியவர்களுக்குத்தான் ஆபத்து வந்தது. உஷ்ணமும் சுழற்சியும் எல்லை மீறியதும் சக்கரம் தண்டிலிருந்து கழன்றுவிடும், அல்லது சிதறிவிடும். சில்லுகள் புகைக்குழாய் வழியாகப் போய்விட்டால் அதிர்ஷ்டம். எஞ்சினுக்குள் திரும்பிப் புகுந்துவிட்டால் எஞ்சினுக்கே காலம் முடிந்தது. நிஸ்ஸான் நிறுவனமே 1990-ல் பந்தயத்துக்காகத் தனியாகத் தயாரித்த ஜி.டி.ஆர். கார்களில் பீங்கானை விட்டுவிட்டு உலோகச் சக்கரத்தைப் பொருத்தியது என்றால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

புதுசில் என்ன விசேஷம்?

இன்றைய டர்போக்களில் முக்கியமான மாறுதல்கள் நான்கு.

முதலாவது, தண்டு சுழலும் விதம். பழையவற்றில் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழலும். புதிய உயர்ரகங்களில் கோலிக்குண்டு போன்ற பால் பேரிங்குகள் இருக்கின்றன. உராய்வு குறைவதால் சக்கரம் சீக்கிரம் வேகம் பிடிக்கிறது.

இரண்டாவது, சக்கரத்தின் வடிவம். முன்பெல்லாம் காற்றுச் சக்கரத்தை அச்சில் வார்ப்பார்கள். இப்போது கெட்டி அலுமினியக் கட்டியிலிருந்து கம்ப்யூட்டர் இயக்கும் கருவியால் குடைந்தெடுக்கிறார்கள். இதழ்கள் மெல்லியவையாகவும் நுட்பமான வளைவுள்ளவையாகவும் இருப்பதால், அதே அளவுச் சக்கரம் அதிகக் காற்றைத் தள்ளுகிறது.

மூன்றாவது, புகையின் பாதை. எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒரே வழியில் வந்தால் ஒன்றையொன்று இடித்துத் தள்ளும். பாதையை இரண்டாகப் பிரித்து, ஆறு சிலிண்டரில் மூன்றை ஒரு பக்கமும் மூன்றை மறு பக்கமும் விட்டால் நெரிசல் இல்லை. சில கார்களில் புகையின் வழியை அகலமாக்கவும் குறுக்கவும் அசையும் இதழ்களே இருக்கின்றன. டீஸல் கார்களில் பழக்கமாயிருந்த இந்த ஏற்பாட்டைப் போர்ஷே 2006-ல் தன் பெட்ரோல் 911 டர்போவுக்குக் கொண்டுவந்தது. 2024-ல் வெளிவந்த 911 கரேரா ஜி.டி.எஸ்ஸில் தண்டிலேயே மின்மோட்டார் இருக்கிறது. புகை வரும்வரை காத்திராமல் மின்சாரமே சக்கரத்தைச் சுழற்றிவிடும்!

நான்காவது, குளிர்ச்சி. பழைய டர்போக்கள் பலவற்றில் எண்ணெய் ஒன்றுதான் சூட்டைத் தணித்தது. வண்டியை நிறுத்தியதும் உள்ளே தங்கிய எண்ணெய் கருகிப் பிசுக்காகிப் படியும். தண்ணீரும் சுற்றிவர ஏற்பாடு செய்தபிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

பழசுக்கும் பெருமை உண்டு

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பழசைக் குப்பையில் போடச் சொல்லிவிடாதீர்கள். எண்ணெய்ப் படல டர்போவைக் கைதேர்ந்த மெக்கானிக் பிரித்து, தேய்ந்த சிறு பாகங்களை மட்டும் மாற்றிப் புதுப்பித்துவிடலாம், செலவும் குறைவு. பால் பேரிங் ரகம் பழுதானால் பெரும்பாலும் நடுப்பகுதியை முழுதாகவே மாற்றவேண்டியிருக்கும். அந்தச் செலவு அதிகம். மேலும், முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட கார்களை ஆர்வலர்கள் வாங்கும்போது, பிறந்தபோது இருந்த பாகங்களுடன் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பழைய நகையின் வேலைப்பாட்டை அழித்துப் புது மோஸ்தரில் செய்தால் தங்கம் இருக்கும்; மதிப்பு இருக்காது அல்லவா?

எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று கேள்விகள் கேளுங்கள்.

"எவ்வளவு சக்தி வேண்டும், எங்கே ஓட்டப் போகிறாய்?" இதுதான் முதல் கேள்வி. தொழிற்சாலை தந்த சக்தியே போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பேன் என்றால் பழைய டர்போவே இருக்கட்டும். அழுத்தத்தை மட்டும் கூட்டக் கூடாது. கூடுதல் சக்தி வேண்டுமென்றால் பீங்கான் சக்கரத்தைத் தொடவே வேண்டாம். ஆசைக்கு அளவான புது டர்போதான் சரி. 'அளவான' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மிகப் பெரிய டர்போவை வாங்கினால், புதுசாக இருந்தாலும் சோம்பல் திரும்ப வந்துவிடும். ஊரில் ஓட்டும் வேகத்தில் அது விழிக்கவே விழிக்காது.

"மற்ற செலவுக்கு என்ன வைத்திருக்கிறாய்?" இது இரண்டாவது கேள்வி. பட்டுப் புடைவை வாங்கினால் செலவு புடைவையோடு நிற்கிறதா? காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகமாகவேண்டும். அதற்குப் பம்பும் இன்ஜெக்டர்களும் மாற்றவேண்டும். கம்ப்யூட்டரைத் திருத்தவேண்டும். கிளட்ச் தாங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடிய வேகத்தை நிறுத்தப் பிரேக் வேண்டும். டர்போவுக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் எஞ்சினையும் இழக்கிறார்கள்.

"பழசு எந்த நிலையில் இருக்கிறது?" இது மூன்றாவது. தண்டு ஆடுகிறதா, எண்ணெய் கசிகிறதா, கூட்டில் விரிசல் உண்டா என்று பார்த்த பிறகே முடிவு. இங்கே ஒரு நடுவழியும் இருக்கிறது. வெளிக்கூடு பழையதாகவே இருக்க, உள்ளே மட்டும் உலோகச் சக்கரம் பொருத்தித் தருகிற நிபுணர்கள் இருக்கிறார்கள். பார்வைக்குப் பாட்டியின் நகை. உறுதிக்குப் புது ஆணி! எந்த வழியில் போனாலும், கழற்றிய பழைய டர்போவை விற்றுவிடாமல் எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். காரை விற்கும் நாளில் அதன் அருமை தெரியும்.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தராது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரலாம். ஆகையால் இங்கே அந்த ஆசையைக் கார் கம்பெனியே பொருத்தித் தரும் டர்போவோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு டர்போக் கார் இருந்தால், அதைக் காப்பாற்றும் வழி மிகவும் எளிது. புத்தகத்தில் சொன்ன ரக எண்ணெயை, சொன்ன கெடுவில் மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. காலையில் கிளப்பியதும் விரட்டாதீர்கள். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரட்டும். கொடைக்கானல் மலை ஏறி வந்தாலும், நெடுஞ்சாலையில் வேகமாக வந்தாலும், இறங்கியவுடன் எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். நீலப் புகை தெரிந்தாலோ, புதிதாக விஸில் சத்தம் கேட்டாலோ தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மாடியேறி வந்தவரைச் சற்று உட்காரவைத்து, மூச்சு ஆறிய பிறகு தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். காருக்கும் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுங்கள். அது பல வருஷம் உழைத்து அந்த உபசாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்.